தொழில் இல்லை என்று நான் எழுதிய கடல்

எங்கள் இறங்குதுறையில் யாரும் யாரையும் பார்த்து எங்கே பிடித்தாய் என்று கேட்பதில்லை. கேட்டால் கோபிக்க மாட்டார்கள், பொய் சொல்வார்கள். அது பொய் என்று கேட்டவனுக்கும் தெரியும், கேட்டவனுக்குத் தெரியும் என்பது சொன்னவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். கிழக்கே வலை போட்டவன் மேற்கைக் காட்டுவான். இதற்காக ஒருவரும் பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலில் நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

எங்களுடையது பரவைக்கடல், ஆழமில்லாதது. பல இடங்களில் இறங்கி நின்றால் தண்ணீர் நெஞ்சுக்கு மேல் வராது. அடியில் வயலில் புல் முளைத்தது போலச் சாதாளை படர்ந்திருக்கும். அந்தச் சாதாளைக்குள்தான் நண்டு கிடக்கும், ஒரா மீன் மேயும். சாதாளை இல்லாத இடம் வெறும் மணல். அங்கே வலை போட்டால் வலையைக் கழுவினது மட்டும்தான் மிச்சம். எல்லாச் சாதாளையிலும் நண்டு இருக்காது என்பதுதான் தொழிலின் சூட்சுமம். நல்ல இடத்தை ஒரு ஆள் வருசக்கணக்காகத் தேடிக் கண்டுபிடிப்பான். கோயில் சிலுவையும் அதற்குப் பின்னால் இருக்கும் ரெலிபோன் கோபுரமும் ஒரு கோட்டில் வர வேண்டும், மற்றப் பக்கத்தில் உடைந்த தண்ணீர்த் தாங்கியும் ஒற்றைப் பனையும் ஒரு கோட்டில் வர வேண்டும், இப்படி ஏதாவது ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்வான். இரண்டு கோடும் வெட்டுகிற இடம் அவனுடையது. அதைத் தன் மகனுக்குச் சொல்வான். பெண்சாதிக்குச் சொல்ல மாட்டான். இன்னொருவனின் இடம் தற்செயலாகத் தெரிய வந்தால் தெரியாதவன் மாதிரி இருந்துவிட வேண்டும். எழுதப்படாத சட்டம் அது. எழுதிய சட்டங்களை விட அதற்கு எங்கள் ஆட்கள் அதிகம் பயந்தார்கள்.

நான் அந்த இறங்குதுறையில் பிறந்தவள். குருநகர்ச் சந்தைக்குப் பக்கத்துக் கரைதான். காலையில் படகுகள் வந்ததும் வலைகளை மணலில் பரப்பி நண்டு கழற்றுவது பெண்களின் வேலை. உயிர் நண்டின் கொடுக்கில் விரல் அகப்படாமல், கால் முறியாமல் கழற்ற வேண்டும். கால் முறிந்த நண்டை, வாங்க வருகிற கொம்பனிக்காரன் எடுக்க மாட்டான். ஏ.எல். வரை படித்தவள் என்பதால் கடற்றொழிலாளர் சங்கத்தின் எழுத்து வேலைகளும் என் தலையில்தான். கூட்ட அறிக்கை, மனு, மரண அறிவித்தல், எல்லாம் என் கையெழுத்து. என் எழுத்து அழகானது என்று ஊரில் பெயர். அந்த அழகின் மேல் ஒரு நாள் நான் காறித் துப்புவேன் என்று அப்போது தெரியாது.

என்னைப் படிப்பித்தது என் அண்ணை. எங்களைப் பெற்ற ஐயா கடலில் செத்துப்போனபோது எனக்கு ஒன்பது வயது, அண்ணைக்குப் பதினாறு. கடலுக்குப் போகப் பாஸ் எடுக்க வேண்டிய யுத்த காலம். நேவிக்காரன் முன்னால் வரிசையில் நின்று பாஸ் வாங்கி, ஐயாவின் வள்ளத்தில் ஐயாவின் இடத்துக்குப் போய் எங்களைச் சாப்பிட வைத்தவர். எனக்குக் கலியாணம் பேசியவரும் அவர்தான். என் மனுசன் வெளியூர்க்காரர், அதிகம் கதைக்காத ஆள். இங்கே வந்து நாலைந்து வருசம் கடலைத் தடவித் தடவித் தனக்கென்று ஒரு இடம் பிடித்தார். அண்ணை சங்கத் தலைவரானபோது ஊரில் யாரும் வேறு பெயர் சொல்லவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் கொப்பியோடு உட்கார்ந்திருப்பேன். உலகத்தில் எனக்கு அதைவிடப் பெருமை இருக்கவில்லை.

கொரோனா முடிந்து, மண்ணெண்ணெய் வரிசையும் ஒருவாறு குறைந்த காலத்தில் திட்டக்காரர்கள் வந்தார்கள். யுத்த காலத்தில் கடலுக்குப் போகாதே என்று சொன்னவர்கள் துவக்கோடு வந்தார்கள். இவர்கள் ரோல்ஸும் சோடாவும் கொண்டு வந்தார்கள். வந்தவர்களில் எங்களோடு கதைத்தவர் மானிப்பாய்ப் பக்கத்து அலுவலர் ஒருவர். நல்ல மனிதர், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் மணலில் இருப்பார். கடலைப் பார்த்திருக்கிறாரே தவிர நனைந்ததில்லை. கடல் களைத்துப்போய்விட்டது, சாதாளை அழிகிறது, குஞ்சு நண்டு வளர இடமில்லை, ஆகவே ஒரு பகுதியைப் பாதுகாக்கப்பட்ட கடற்பிரதேசமாக ஒதுக்கப் போகிறோம் என்றார். அதற்குள் யாரும் வலை போடக் கூடாது. பத்து வருசத்தில் கடல் பொங்கும் என்றார்.

எங்கள் ஆட்கள் ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு கேட்டார்கள். கடல் களைத்துப்போனது எங்களுக்குத் தெரியாதா? இந்திய இழுவைப் படகு வெளிக்கடலை வழிக்கிறது, உள்ளே கடலட்டை வளர்க்கிற பண்ணைக்காரன் தடி நட்டு வலை அடைக்கிறான். இதற்குள் சின்ன வலைக்காரனுக்கு மட்டும் ஓய்வெடு என்று சொல்ல வந்திருக்கிறார்கள் என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். அலுவலர் அதைக் கேட்டுவிட்டு ஒரு வாக்குக் கொடுத்தார். எல்லாருக்கும் கேட்கக் கொடுத்தார்.

"நீங்கள் தொழில் செய்யிற இடத்திலை நாங்கள் கை வைக்க மாட்டம். எங்கை செய்யிறியள் எண்டு நீங்களே வரைபடத்திலை காட்டுங்கோ. ஆக்கள் இல்லாத இடமாப் பாத்துத்தான் மூடுவம்."

அடுத்த நாள் சங்கக் கட்டடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம். யாருக்கும் அவரில் நம்பிக்கை இல்லை. வெளியிலிருந்து வந்து எங்கே மீன் இருக்கிறது என்று கேட்கிறவனுக்கு எங்கே மீன் இருக்கிறது என்று சொல்வதற்கு நாங்கள் என்ன பேயர்களா? காட்டினால் காட்டின இடத்தைத்தான் பிடுங்குவார்கள் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், படத்தைக் கொண்டுபோய் அட்டைப் பண்ணைக்காரனுக்கு விற்பார்கள் என்றார். அண்ணை எல்லாரையும் கதைக்க விட்டுவிட்டுக் கடைசியாக எழும்பினார்.

"ஒருத்தரும் கடலைக் காட்டிக் குடுக்க வேண்டாம். மணலைக் காட்டுங்கோ. அவை மணலை வைச்சுக் கொண்டு சந்தோசமாப் போகட்டும்."

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். அதைக் கூட்ட அறிக்கையில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

வரைபட நாள் கோயில் மண்டபத்தில் நடந்தது. இரண்டு மேசையைச் சேர்த்து அதன்மேல் கடலை விரித்திருந்தார்கள். கட்டம் கட்டமாகப் பிரித்த பெரிய கடதாசி, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக். கையில் ஒட்டுப் பொட்டுகள் தந்தார்கள். நண்டு வலைக்குச் சிவப்பு, மீன் வலைக்குப் பச்சை. அவர்கள் சொல்லச் சொல்ல ஒட்டுவது என் வேலை. ஒவ்வொருவராக வந்தார்கள். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு, எங்கே தொழில் என்று கேட்டேன். வாழ்நாளில் ஒருவரையும் கேட்காத கேள்வி. அவர்களும் முகத்தை இறுக்கிக்கொண்டு விரலை வைத்தார்கள், நேவி முகாமுக்கு முன்னால் இருக்கிற மொட்டை மணலில். அங்கே ஒரு பிசாசும் இல்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் அங்கேயே வைக்க, இடம் போதாமல் பொட்டுக்கு மேல் பொட்டு ஒட்டினேன். அம்மாளாச்சி நோய் போட்ட உடம்புபோல அந்த மணல் சிவந்துபோனது. என் மனுசனும் வந்து விரலை வைத்தார். அண்ணையும் வைத்தார். அண்ணையின் பொட்டை ஒட்டும்போது நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

பொட்டு ஒட்டி முடிந்ததும் அலுவலர் ஒரு படிவம் தந்தார். பொட்டு விழாத கட்டங்களின் இலக்கங்கள் அதில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அங்கே தொழில் உண்டா இல்லையா என்று எழுத வேண்டும். நான் எழுதினேன். தொழில் இல்லை. தொழில் இல்லை. தொழில் இல்லை. எங்கள் கடலில் சாதாளை செழித்த பகுதி முழுக்கவும், ஊரில் பாதிப் பேர் அடுப்பு எரிய வைத்த பகுதி முழுக்கவும், என் அழகான எழுத்தில் வெறுங்கடலாகிப் போனது. கீழே கையெழுத்தும் வைத்தேன். நல்ல வேலை செய்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நல்ல காரமாக ஒரு கூழ் காய்ச்சினேன். அண்ணையும் அவர் பெண்சாதி மச்சாளும் வந்து குடித்தார்கள். அண்ணை இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார்.

ஒரு வருசத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. திட்டக்காரர்களுக்குக் காசு முடிந்துபோயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை பிரதேச செயலகத்து அறிவித்தல் பலகையில் படம் ஒட்டியிருக்கிறது என்று ஆள் வந்து சொன்னது. போய்ப் பார்த்தேன். பச்சை நிறத்தில் ஒரு பெரிய துண்டு. மொட்டை மணலை விட்டுவிட்டுச் சாதாளைத் தரையை அப்படியே வளைத்திருந்தார்கள். ஆட்சேபணை இருந்தால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கலாம் என்று கீழே எழுதியிருந்தது.

என் மனுசனிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பச்சைத் துண்டுக்குள் உங்கள் இடம் இருக்கிறதா என்று நேரே கேட்காமல், கை விரித்து அளவைக் காட்டினேன். அவர் வலைக்கு ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தார். கட்டுவதை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தார். நடுவில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். கலியாணம் கட்டிப் பதினேழு வருசத்தில் தன் இடத்தைப் பற்றி அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பஸ் பிடித்து அலுவலர் வேலை செய்கிற கந்தோருக்கே போனேன். வாக்குக் கொடுத்துவிட்டு வயிற்றில் அடிக்கிறீர்களே, ரோல்ஸ் தந்து கழுத்தறுத்தீர்களே என்று கந்தோரில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கதைத்தேன். அவர் எழும்பிப் போய் ஒரு கோவையை எடுத்து வந்து என் முன்னால் திறந்து வைத்தார்.

"அக்கா, இது உங்கடை எழுத்துத்தானே?"

தொழில் இல்லை. தொழில் இல்லை. தொழில் இல்லை. வரிசை குலையாமல் அழகாக இருந்தது.

அந்த மனிதர் தன் வாக்கைக் காப்பாற்றியிருந்தார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஆட்கள் இல்லாத இடமாகப் பார்த்து மூடுவேன் என்றார், ஆட்கள் இல்லை என்று நாங்களே சொன்ன இடத்தை மூடினார். தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்டது யானை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நான் அழுததைப் பார்த்து அவருக்கும் முகம் மாறியது. இன்னும் வழி இருக்கிறது என்றார். முதல் படம் பிழை, திரும்ப வரைய வேண்டும் என்று சங்கத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் மாதம் முடிவதற்குள் வந்தால் மேலே அனுப்பி, மறுபடி ஆட்களைக் கூட்டி வரையலாம். கையில் பச்சைப் படத்தின் பிரதி ஒன்றும் தந்துவிட்டார்.

வரும் வழியில் பஸ்ஸில் யன்னலோரத்தில் இருந்து அந்தப் பிரதியை விரித்துப் பார்த்தேன். பச்சைத் துண்டின் எல்லைக் கோடு அடிமட்டத்தால் கீறியதுபோல நேராக ஓடியது. ஒரு இடத்தில் மட்டும் உள்ளே மடிந்து, சின்னதாக ஒரு பை போல வளைந்து, திரும்பவும் நேராகப் போனது. அந்தப் பைக்குள் கடல் வெள்ளையாக விடப்பட்டிருந்தது. முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். பிறகு கோயில் எங்கே, கோபுரம் எங்கே, தாங்கி எங்கே என்று விரலால் கோடு இழுத்துப் பார்த்தேன்.

அது ஐயாவின் இடம். எனக்கு எட்டு வயதில் ஒருநாள், அண்ணைக்குக் காய்ச்சல் என்று, ஐயா என்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். பொம்பிளைப் பிள்ளைதானே, இவளுக்குத் தெரிந்தால் என்ன என்று நினைத்திருப்பார். அந்த இடத்தைத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஐயா செத்துப்போனார். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அண்ணையின் சிவப்புப் பொட்டை நான்தான் மொட்டை மணலில் ஒட்டினேன். அப்படியானால் இந்தக் கோடு எப்படி வளைந்தது?

பஸ் இறங்கி வீட்டுக்குப் போகாமல் அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் எஞ்சினைக் கழற்றி வைத்திருந்தார். மச்சாள் கதிரை கொண்டு வந்து வைத்தாள், நான் இருக்கவில்லை. படத்தை அவருக்கு முன்னால் பிடித்து அந்த வளைவில் விரலை வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார், பார்க்காமலே மடித்தார். பார்க்கத் தேவையில்லை அவருக்கு. நான் ஒன்றும் கேட்க முன்னமே சொல்லத் தொடங்கிவிட்டார்.

மண்டபத்தில் படம் வரைந்து ஒரு கிழமைக்குள் அலுவலர் தலைவரின் கையெழுத்துக்காக வந்திருக்கிறார். அப்போதுதான் பொட்டில்லாத கட்டங்களைத்தான் மூடப் போகிறோம் என்று விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். அண்ணைக்கு விளங்கிவிட்டது. அந்த நேரம் சங்கத்தைக் கூட்டி, பிழை விட்டுவிட்டோம், எல்லாரும் வந்து உண்மையைக் காட்டுங்கோ என்று சொல்லியிருக்கலாம். அவர் தன்னுடைய பொட்டு ஒன்றை மட்டும் திருத்திவிட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறார்.

"ஊர் முழுக்கத் திரும்பி வந்து நாங்கள் பொய் சொன்னனாங்கள் எண்டா அவங்கள் ஒண்டையும் நம்ப மாட்டாங்கள், தங்கச்சி. ஒருத்தன் சொன்னா நம்புவாங்கள்."

"அந்த ஒருத்தர் ஏன் நீங்கள்?"

"அது ஐயான்ரை இடம்."

நான் கொஞ்சம் தணிந்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஐயாவின் பெயர் வந்தால் நான் எப்போதும் தணிந்துவிடுவேன், அது அவருக்கும் தெரியும். சரி, போனது போகட்டும், கடிதம் எழுதிக்கொண்டு வாறன், கையெழுத்து வையுங்கோ, இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றேன். அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்ப வரைந்தால் கோடு எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும் என்றார். அப்போது இந்தப் பையும் போனாலும் போகும் என்றார். என் மனுசனின் இடத்தையாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பது போல இருந்தது.

"சொல்லியிருப்பன். மச்சான்ரை இடம் எங்கையெண்டு எனக்கெப்பிடித் தெரியும்? அவர் ஒருத்தருக்கும் சொல்லாத ஆள்."

அதுவும் நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் கரையில் ஒருவன் இடம் இன்னொருவனுக்குத் தெரியாது. பிழை எங்கள் வழக்கத்தில்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மனுசனுக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணைக்கு உங்கள் இடம் தெரியாதாம் என்றேன். அவர் சாப்பிட்டு முடித்தார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னார்.

"அந்தப் பொட்டு ஒட்டுறதுக்கு முதல் வந்த சோளகக் காத்துக் காலத்திலை எனக்குக் காய்ச்சல் வந்து மூண்டு நாள் வலை கடலிலை கிடந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்து தந்தது ஆர்?"

அண்ணைதான். நான் அந்த வலையில் நண்டு கழற்றியிருக்கிறேன். மூன்று நாளும் கிடந்து செத்த நண்டையெல்லாம் பொறுக்கி எறிந்திருக்கிறேன். காய்ச்சலில் கிடந்த மனுசன் எந்தச் சிலுவை, எந்தத் தாங்கி என்று அண்ணையின் காதில் சொல்லித்தான் அந்த வலை வீடு வந்து சேர்ந்தது. பெண்சாதிக்குச் சொல்லாததை அவருக்குச் சொல்லியிருக்கிறார்.

தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள். ஐயாவின் இடத்தைக் காப்பாற்றினார், அதை என்னால் எப்படியாவது விழுங்கியிருக்க முடியும். தங்கச்சியின் அடுப்பு எங்கே எரிகிறது என்று தெரிந்துகொண்டே கோட்டுக்கு உள்ளே விட்டார், பிறகு என் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்றார். வளர்த்த கை என்று நான் கும்பிட்ட கை. அன்றைக்கு நான் அழவில்லை. அழுகிற அளவு சின்ன விசயமாக அது எனக்குத் தெரியவில்லை.

கடிதத்தை எழுதினேன். சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். அண்ணை எழும்பி, அரசாங்கத்துக்குப் பொய்த் தகவல் குடுத்தம் என்று நாங்களே எழுதிக் குடுத்தால் எல்லாரையும் நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள் என்றார். சனம் பயந்துவிட்டது. தலைவர் முதலில் கையெழுத்து வைக்கட்டும், நாங்களும் வைக்கிறோம் என்றார்கள். அந்த இடத்தில் நான் படத்தை விரித்து வளைவைக் காட்டியிருக்க வேண்டும். கைப்பையில் படம் இருந்தது. காட்டினால் அவரை அடித்தே கொன்றிருப்பார்கள். எனக்காகப் பாஸ் வரிசையில் நின்ற பதினாறு வயதுப் பொடியனை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருக்கு அப்படி ஒன்றும் நினைவு வந்ததாகத் தெரியவில்லை.

மாதம் முடிந்தது. செம்மஞ்சள் நிற மிதவைகள் வந்தன. காவல் படகும் வந்தது. முதல் இரண்டு மாதம் எங்கள் ஆட்கள் துணிந்து உள்ளே போனார்கள். காவல்காரர் வலைகளைப் பறித்தார்கள், பெயரை எழுதினார்கள், இரண்டாம் தரம் பிடிபட்டவர்களுக்கு வழக்கு வந்தது. பிறகு எல்லாரும் மிச்சமிருந்த துண்டுக் கடலில் நெருக்கியடித்துப் போட்டார்கள். வலையோடு வலை பின்னி, அறுத்தவன் யார், அறுபட்டவன் யார் என்று நாள்தோறும் சண்டை. மேசன் வேலைக்குச் சிலர் போனார்கள். சிலர் அட்டைப் பண்ணைக்குக் காவல் இருக்கப் போனார்கள், முந்தி அதை எதிர்த்துக் கோஷம் போட்ட அதே ஆட்கள். என் மனுசன் மொட்டை மணலில் வலை போட்டுப் பார்த்தார். நாங்கள் பொட்டு ஒட்டின இடமல்லவா, அதாவது உண்மையாகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. கழுவின வலையோடு வந்தார்.

திட்டக்காரர்கள் சொன்னதும் பொய்யில்லை. பத்து வருசம் தேவைப்படவில்லை, ஒரு வருசத்திலேயே உள்ளே நண்டு பெருத்துவிட்டது. பெருத்த நண்டு மிதவையைப் பார்த்து நிற்குமா? வெளியே வரும். அது வெளியே வரும் வாசலிலேயே அந்தப் பை இருந்தது. அண்ணைக்கு ஐயா காலத்திலும் காணாத நண்டுப் பாடு. வலை இழுக்கக் கை போதவில்லை. பாதுகாப்பால் கடற்றொழிலாளர் அடைந்த நன்மை என்று திட்டக்காரர் ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தார்கள். அதில் அண்ணை இரண்டு கையிலும் நண்டு தூக்கிக்கொண்டு சிரிக்கிற படம் இருந்தது. தலைவருக்கு அதிர்ஷ்டம் என்றது ஊர். ஆண்டவன் நல்லவர்களைக் கைவிட மாட்டான் என்று ஒரு கிழவி என்னிடமே சொன்னாள்.

பிறகு ஒருநாள் மச்சாள் வந்தாள். அண்ணை தன் படகுக்கு ஆள் பிடிக்கிறாராம், வெளியாளைப் போடுவதைவிட எங்கடை ஆள் என்று என் மனுசனைக் கேட்கச் சொன்னாராம். கரையில் கழற்றவும் ஆள் வேணுமாம். நான் அவளை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினேன். கதிரை கொடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து என் மனுசன் தன் படகைக் கவிழ்த்துப்போட்டுவிட்டு அண்ணையின் படகில் ஏறினார். வீட்டில் அரிசி இல்லை என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

இப்போது தினமும் காலையில் அண்ணையின் வலையில் நான் நண்டு கழற்றுகிறேன். நல்ல கனத்த நண்டு, என் மனுசனின் சாதாளையில் வளர்ந்தது. அண்ணை குறை வைப்பதில்லை. கறிக்கென்று பெரிய நண்டாகத் தெரிந்து என் கூடைக்குள் போடுவார். பிள்ளைகளுக்குக் கொண்டுபோ தங்கச்சி என்பார். நான் ஓம் அண்ணை என்று வாங்கிக்கொள்கிறேன். என்னோடு இருந்து கழற்றுகிற பெண்களில் மூன்று பேரின் புருசன்மாருக்கு வழக்கு நடக்கிறது. உங்கடை அண்ணைக்குப் புண்ணியம் கிடைக்கும், எங்களுக்கும் ஒரு வேலை தந்தார் என்று அவர்கள் சொல்வார்கள். நான் நண்டைக் கழற்றுவேன். படம் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. அவர்களில் ஒருத்திக்கும் அதைக் காட்டியதில்லை.

இதை எழுதும்போது ஒருவர் பெயரையும் நான் போடவில்லை. வாசிக்கிறவர்கள் அதைப் பாசம் என்று நினைத்துவிடக் கூடாது. நாளைக்கும் விடிய அங்கே வேலைக்குப் போக வேண்டும்.